பதினொரு மேசைகளில் எழுதி வைத்த முகவரி

2022 ஜூலை முதல் வாரம். பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று இலங்கை அரசாங்கம் அறிவித்திருந்த நாட்கள். என் மோட்டார் சைக்கிள் விறாந்தையில் நின்றது. அப்பாவின் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்து, விடியற்காலையில் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் புறப்பட்டேன். வல்லைவெளியில் ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம் வேறு. யாழ்ப்பாணப் பக்கம் போகிறவனுக்கு அது நேரே எதிர்க்காற்று. ஆவரங்கால் வந்து சேர்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. புத்தூர், நீர்வேலி, கோப்பாய் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

இத்தனை சிரமத்துக்கும் காரணமான வேலை இதுதான்: திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் உள்ள ஒரு விவசாயப் பொருள் கடையில், பதினொரு கணினிகளில், நான்கு எண்கள் கொண்ட ஒரு முகவரியின் மூன்றாவது எண்ணை 1 இலிருந்து 8 ஆக மாற்ற வேண்டும்.

விதை, உரம், தெளிகருவி, நீர்ப்பம்பி, குழாய் எல்லாம் விற்கும் கடை அது. கீழே பில் போடும் மேசைகள் ஆறு, களஞ்சியத்தில் இரண்டு, மேல்மாடியில் கணக்குப் பகுதியில் இரண்டு, முதலாளியின் அறையில் ஒன்று. எல்லாம் ஒரு சேர்வரில், அதாவது பொதுவான மையக் கணினியில், உள்ள தரவுத்தளத்தோடு பேச வேண்டும். பில் போடும் நிரலை எழுதியவர் நான் அல்லன். எழுதியவர் வெளிநாடு போன பிறகு பராமரிப்பு என் கைக்கு வந்தது. நன்றாக எழுதப்பட்ட நிரல்; அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே ஒரு இடத்தில்தான் அது எங்களை மாட்டி வைத்திருந்தது.

முந்தைய நாள் மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பியபோது, கடைக் கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டர் எரிந்துபோனது. இணைய நிறுவனம் அன்றே வேறொன்றைக் கொடுத்தது. பழையது 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுத்தது, புதியது 192.168.8 என்ற வரிசையில் கொடுத்தது. சேர்வரின் முகவரியும் அதன்படி மாறியது. பதினொரு கணினிகளும் பழைய முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தன, அங்கே யாரும் இல்லை. ரவுட்டரையே பழைய வரிசைக்கு மாற்றியிருந்தால் அன்றைக்குத் தப்பியிருக்கலாம். ஆனால் அதன் நிர்வாகக் கடவுச்சொல் கடையில் எவரிடமும் இருக்கவில்லை.

முதலில் தொலைபேசியிலேயே முடிக்கப் பார்த்தேன். முதலாவது மேசையில் இருக்கும் அக்கா பொறுமையானவர். "தம்பி, நீங்கள் சொல்லுங்கள், நான் செய்கிறேன்" என்றார். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் கொன்ட்ரோல் பனலைத் திறந்து, ஓடிபிசி என்று எழுதியிருப்பதை அழுத்தச் சொன்னேன்; நிரல்களைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஏற்பாடு அது. பட்டியலில் எங்கள் இணைப்பின் பெயரையே காணவில்லை என்றார். அப்படியானால் புதிதாக ஒன்றை உருவாக்குங்கள் என்றேன். உருவாக்கினார். சோதனைப் பொத்தானை அழுத்தியபோது வெற்றி என்று வந்தது. இருவருக்கும் மகிழ்ச்சி. நிரலைத் திறந்தால் பழைய பிழையே வந்தது. அடுத்த மேசையிலும் அதுவே. மூன்றாவது மேசைக்குப் போகும்போது அவருடைய குரல் தளர்ந்துவிட்டது. வெளியே சனம் வரிசையில் நின்றது. கார்பன் தாள் வைத்துக் கையால் பில் எழுதத் தொடங்கினார்கள்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் குழியில் விழாத நிரலாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நிரல் நேரே தரவுத்தளத்திடம் போகவில்லை. விண்டோஸில் டிஎஸ்என் என்ற ஒரு பதிவு உண்டு. இந்தப் பெயர் என்றால் இந்த டிரைவர் (தரவுத்தளத்தோடு பேசும் சிறு மென்பொருள்), இந்த சேர்வர், இந்தத் தரவுத்தளம் என்று அதில் எழுதி வைத்திருக்கும். நிரல் அந்தப் பெயரை மட்டும் சொல்லும். மற்றதை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். அந்தப் பதிவு இருப்பது ஒவ்வொரு கணினியிலும், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில். நிரலோடு அது பயணம் செய்வதில்லை. நிரலை வேறு கணினிக்குப் பிரதி எடுத்தால், பெயர் போகும், பெயருக்கு உரிய விவரம் போகாது.

அதிலும் கிளைகள் உண்டு. ஒரு பயனருக்கு மட்டும் உரிய டிஎஸ்என் வேறு, கணினி முழுவதற்கும் உரிய டிஎஸ்என் வேறு. காலையில் ஒருவர் தன் கணக்கில் நுழைந்து செய்த அமைப்பு, மாலையில் வேறு கணக்கில் நுழைகிறவருக்குத் தெரியாமல் போவது இதனால்தான். 64 பிட் விண்டோஸில் கணினி முழுவதற்கும் உரிய டிஎஸ்என்னுக்குள் இன்னொரு பிரிவும் சேர்ந்துகொண்டது: பழைய வகையான 32 பிட் நிரல்களுக்கு ஒரு பட்டியல், புதிய வகையான 64 பிட் நிரல்களுக்கு வேறொரு பட்டியல். இரண்டையும் திருத்தும் கருவிகளின் கோப்புப் பெயர் ஒன்றே. அந்தப் பெயரில் 32 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருப்பது 64 பிட் கருவி. 32 பிட் கருவி இருப்பது சிஸ்வாவ்64 என்ற கோப்புறையில். பழைய நிரல்கள் முறியக்கூடாது என்பதற்காக மைக்ரோசொஃப்ட் அப்படி வைத்தது; காரணம் விளங்குகிறது. ஆனால் வரிசையில் வாடிக்கையாளர்கள் நிற்கும்போது, காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு அந்த அக்கா அதை எப்படி அறிவார்? கடையின் கணினிகளில் ஏழு விண்டோஸ் 7. அங்கே கொன்ட்ரோல் பனலில் தெரிவது 64 பிட் பட்டியல் மட்டும். எங்கள் நிரலோ 32 பிட். அவர் புதிதாக உருவாக்கியதும், சோதித்ததும், வென்றதும் எல்லாம் நிரல் எட்டிப் பார்க்காத பட்டியலில். விண்டோஸ் 8 இலிருந்துதான் இரண்டு கருவிகளையும் பெயர் பிரித்துக் காட்டுகிறார்கள்.

டிஎஸ்என்னை நான் இகழவில்லை. ஓடிபிசி 1992 இல் வந்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு தரவுத்தளத்தோடும் பேச ஒவ்வொரு முறை. நிரலைத் தரவுத்தளத்தின் வகையோடும் இடத்தோடும் சேர்த்தே கட்ட வேண்டியிருந்தது. நிரலுக்குள் ஒரு புனைபெயர் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்பதை நிர்வாகி வெளியே எழுதி வைக்கட்டும் என்பது அன்றைக்கு விடுதலையான சிந்தனை. சேர்வர் மாறினால் நிரலைத் தொட வேண்டியதில்லை. கணினிப் பகுதி என்று தனியாக ஆட்களை வைத்திருக்கும் பெரிய அலுவலகத்தை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. அந்த 1992 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. நான் ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் வாய்ப்பாடு பாடமாக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய அலுவலகத்துக்கான ஏற்பாடு, முப்பது ஆண்டு கழித்து, கணினிப் பகுதி என்று ஒருவரும் இல்லாத ஒரு கடையில் பதினொரு மேசைகளாகப் பிரிந்து கிடந்தது.

அன்று பதினொன்றையும் திருத்தி முடிக்கப் பின்னேரம் நான்கு மணியாகிவிட்டது. ஐந்தாவது கணினியை இயக்கிக் காத்திருக்கும்போதுதான் அந்தக் கேள்வி எனக்குள் கூர்மையாக எழுந்தது: சேர்வரின் முகவரி இந்த மேசைக்கு ஏன் தெரிய வேண்டும்? அது நிரலுக்கு அல்லவா தெரிய வேண்டும்? மேசை மாறும், கணினி பழுதாகும், விண்டோஸை அழித்து மீண்டும் போடுவார்கள். இவற்றில் எது நடந்தாலும் நெல்லியடியிலிருந்து ஒருவன் வர வேண்டும் என்றால், அந்தக் கடையின் வியாபாரம் என் சைக்கிளின் சங்கிலியில் தொங்குகிறது. அந்த நினைவு எனக்குப் பிடிக்கவில்லை.

திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது. வீடு வருவதற்குள் செய்ய வேண்டியது மனத்தில் ஓரளவு தெளிந்துவிட்டது.

முதல் மாற்றம் மிகச் சிறியது. ஓடிபிசி, டிஎஸ்என் இல்லாமலும் வேலை செய்யும். கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் என்று நாங்கள் சொல்லும் இணைப்பு வரியில் டிஎஸ்என்னின் பெயரைக் கொடுப்பதற்குப் பதிலாக, டிரைவரின் பெயரை நெளிந்த அடைப்புக்குள் எழுதி, அதன் பின் சேர்வர், தரவுத்தளம், பயனர் என்று ஒவ்வொன்றையும் அரைப்புள்ளி இட்டு எழுதினால் போதும். ரெஜிஸ்ட்ரியில் எதையும் தேடாமல் நிரல் நேரே போகும். இந்த நிரலில் டிஎஸ்என்னின் பெயர் பல படிவங்களில் சிதறிக் கிடந்தது. அவற்றை எல்லாம் ஃபங்ஷன் என்ற ஒரே ஒரு நிரல் துண்டுக்குள் கொண்டு வந்தேன். இணைப்பு வேண்டுமானால் எல்லோரும் அதைத்தான் கேட்க வேண்டும். உண்மையான உழைப்பு இதில்தான் போனது; மற்றது ஒரு மாலை வேலை.

டிஎஸ்என்னைத் தானாக உருவாக்கும் சிறு நிரலையோ ரெஜிஸ்ட்ரிக் கோப்பையோ ஒவ்வொரு கணினியிலும் ஓட விட்டால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போதும், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தேவையில்லாத ஒரு பதிவை விரைவாக எழுதுவதை விட, அந்தப் பதிவே இல்லாமல் செய்வது மேல் என்பது என் உறுதியான எண்ணம். இல்லாத பொருள் பழுதாகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிஎஸ்என் தேவையில்லை என்றால் டிரைவரும் தேவையில்லை என்று ஆகாது. இவை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எல்லாக் கணினியிலும் இனி ஓடும் என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. எங்களுக்கு வாய்த்தது என்னவென்றால், எங்கள் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வருக்கான பழைய டிரைவர் விண்டோஸோடு கூடவே வருகிறது. வேறொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லாக இருந்திருந்தால் அதன் டிரைவரை ஒவ்வொரு கணினியிலும் நிறுவியே ஆக வேண்டும்; டிஎஸ்என் போனாலும் பயணம் போகாது. எஸ்கியூஎல் சேர்வரின் புதிய ஓடிபிசி டிரைவர்களும் அப்படித்தான், தனியே நிறுவ வேண்டும். அவற்றில் 18 ஆவது பதிப்பு எதையும் சொல்லாவிட்டால் தானாகவே குறியாக்கத்தை, அதாவது இணைப்பில் போவதைப் பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றுவதை, கோரும். சேர்வரில் நம்பத்தக்க சான்றிதழ் இல்லையென்றால், நேற்று வரை வேலை செய்த அதே இணைப்பு வரி இன்று மறுக்கும்.

அதனால் இரண்டாவது கட்டமாக ஓடிபிசியையே விட்டேன். நிரல் மைக்ரோசொஃப்ட்டின் விபி டொட்நெட் என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. அந்த நிரல்களை இயக்கும் டொட்நெட் ஃபிரேம்வேர்க்குக்குள்ளேயே எஸ்கியூஎல் சேர்வரோடு பேசும் பகுதி இருக்கிறது. 32 பிட்டா 64 பிட்டா என்ற கேள்வியே அங்கே எழாது. விண்டோஸ் 10 இல் ஃபிரேம்வேர்க் ஏற்கெனவே இருக்கும். பழைய விண்டோஸ் 7 கணினிகளில் இந்த நிரலுக்காகவே முன்பு நிறுவியிருந்தார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. ஓடிபிசியில், தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலுக்குள் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி இட்டு, வரிசைப்படி மதிப்புகளைக் கொடுப்போம். இங்கே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க வேண்டும். ஒவ்வொரு வினவலாகத் திருத்தினேன். மின்சாரம் இருந்த இரவுகளில், ஏறக்குறைய இரண்டு மாதம். அலுப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பிறர் எழுதிய நிரலை வரிவரியாகப் படிக்கும்போது, அவர் எங்கே அவசரப்பட்டார், எங்கே அக்கறையோடு நின்றார் என்பது தெரியும்.

அடுத்தது முகவரி. இணைப்பு வரிக்குள் எண் முகவரியை எழுதினால், ரவுட்டர் எரியும் அடுத்த நாள் நிரலைத் திருத்த வேண்டி வரும். ஆகவே எண்ணுக்குப் பதில் சேர்வர் கணினியின் பெயரை எழுதினேன். ஒரே வலைக்குள் இருக்கும் விண்டோஸ் கணினிகள் பெயரைக் கூவி முகவரியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். நிரலையும் ஒவ்வொரு கணினியிலும் வைக்காமல், சேர்வரில் ஒரு பொதுக் கோப்புறையில் வைத்தேன். இணைப்பு விவரம் அதன் அருகிலேயே ஒரு சிறிய கோப்பில். மேசைகளில் இருப்பது ஒரு குறுக்குவழி மட்டும். அந்தக் குறுக்குவழிக்கும் சேர்வரின் பெயர் தெரிய வேண்டும் அல்லவா என்று கேட்டால், ஆம், தெரிய வேண்டும். எதுவுமே தெரியாத கணினி எங்கேயும் போய்ச் சேராது. அது அறிய வேண்டியதை ஒரே ஒரு பெயராகக் குறைத்தேன். அந்தப் பெயர் கடையில் எல்லோருக்கும் வாயில் வரும்.

சேர்வரில் ஓடுவது எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. அங்கே இருந்த பதிப்பில் ஒரு தரவுத்தளத்தில் 10 ஜிகாபைட் வரை தரவு வைக்கலாம். இந்தக் கடைக்கு அது தாராளம். ஆனால் அதை நிறுவியபடியே விட்டால் வலை வழியாக யாரோடும் பேசாது. வலை வழிப் பேச்சுக்கான டிசிபி அணைக்கப்பட்டிருக்கும். திறந்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு போர்ட்டை, அதாவது வேறு வாசல் எண்ணை, எடுத்துக்கொள்ளக்கூடும். எது என்று சொல்லும் எஸ்கியூஎல் பிரவுசர் சேவையும் அணைக்கப்பட்டிருக்கும். நான் 1433 என்ற போர்ட்டை நிலையாக்கி, வெளியிலிருந்து வருவதை மறிக்கும் ஃபயர்வாலில் அதற்கு மட்டும் வழிவிட்டு, பெயருக்குப் பின் கமா இட்டு அந்த எண்ணையும் இணைப்பு வரியில் எழுதினேன். செய்ய வேண்டிய எல்லாமே ஒரே ஓர் இயந்திரத்தில், ஒரே ஒரு தடவை.

கடவுச்சொல் விடயத்தில்தான் எனக்கு முழு நிறைவு இல்லை. விண்டோஸ் கணக்கையே நம்பி உள்ளே விடுவது நல்ல முறை. அதற்கு, எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் டொமைன் வேண்டும். டொமைன் இல்லாத இடத்தில் ஒவ்வொரு கணினியிலும் ஒரே பெயரில் ஒரே கடவுச்சொல்லில் கணக்குத் திறக்க வேண்டும். போன பேய் வேறு வாசலால் திரும்பி வரும். ஆகவே தரவுத்தளத்துக்கென ஒரு தனிப் பயனரை உருவாக்கி, கோப்பில் அவரை எழுதினேன். கோப்பைக் குறியாக்கம் செய்திருக்கிறேன். அது எட்டிப் பார்க்கிற கண்ணுக்கு மறைப்பு, முனைந்து தேடுகிறவருக்குத் தடை அல்ல. அதனால் அந்தப் பயனரின் அதிகாரத்தைக் குறைத்தேன். அட்டவணைகளை அவரால் தொட முடியாது. தரவுத்தளத்துக்குள் நான் எழுதி வைத்த, புரொசீஜர் என்ற சிறு நிரல்களை மட்டும் இயக்கலாம். பில்லைச் சேர்க்கலாம், அழிக்க முடியாது. தயவுசெய்து, தலைமைப் பயனரான எஸ்ஏயின் கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதி வைக்காதீர்கள். நான் பராமரிக்கப் போன இடங்களில் அதை அடிக்கடி கண்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறியிருக்கிறது.

முதலாளியின் மகன் ரொறன்ரோவில் இருக்கிறார். பெயரைக் கொண்டே இணைக்கலாம் என்று கேள்விப்பட்டவுடன், அங்கிருந்தும் கணக்கைப் பார்க்கலாமா, அந்த போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிட்டால் போதுமே என்று கேட்டார். இல்லை என்று உடனே சொன்னேன். 2003 ஜனவரி 25 அன்று, எஸ்கியூஎல் சேர்வரைத் தாக்கும் ஸ்லாமர் என்ற கணினிப் புழு உலகத்தைச் சுற்றியது. வெறும் 376 பைட். நான் மேலே சொன்ன பிரவுசர் சேவையின் இடமான 1434 ஆவது போர்ட் வழியாக நுழைந்து, பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலான இலக்குகளைப் பிடித்துவிட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் 2002 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் குறைவு. தரவுத்தளத்தின் வாசலைத் தெருவைப் பார்த்து வைக்கக் கூடாது. மகனுக்காக விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழி ஒன்றை அமைத்துக் கொடுத்தேன். ரொறன்ரோவில் இரவு பத்து மணிக்கு அவர் இங்குள்ள காலை விற்பனையைப் பார்க்கிறார்.

இன்னொரு அமைப்பும் மேசைக்கு மேசை ஒட்டிக்கொண்டிருந்ததை இந்த வேலையின் நடுவில்தான் கவனித்தேன். வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தட்டியது தரவுத்தளத்தில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு நிறுவிய கணினியில் தமிழாகத் தெரியும், நிறுவாத கணினியில் அர்த்தமற்ற எழுத்துக் குவியல். மேல்மாடியில் ஒரு கணினியில் எழுத்துரு இல்லாததால், கணக்குப் பார்க்கிற ஐயா கடன்காரர்களைப் பெயரால் அல்ல, இலக்கத்தால்தான் அறிந்து வைத்திருந்தார். பெயர்களை எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுனிகோட் முறைக்கு மாற்றினேன். அதோடு நெடுவரிசைகளையும் யுனிகோட் ஏற்கும் என்வார்கார் வகைக்கு மாற்ற வேண்டும். வழமையான வார்கார் வகையில் தமிழுக்கு இடமே இல்லை; எழுதினால் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும், அப்படி வந்ததை மீட்கவும் முடியாது. முதலில் ஒரு பிரதியில் செய்து பார்த்தேன், நல்லதாகப் போயிற்று. விண்டோஸ் 7 இல் லதா எழுத்துருவும், விண்டோஸ் 8 இலிருந்து நிர்மலாவும் கூடவே வருவதால் எழுத்துரு நிறுவும் வேலை தீர்ந்தது. அந்த ஐயா திரையில் தன் ஊர்க்காரரின் பெயரைத் தமிழில் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

அவரிடம், மைக்ரோசொஃப்ட்டின் சிறு தரவுத்தள மென்பொருளான அக்சஸில் ஒரு கோப்பு இருந்தது, மாதக் கடைசி அறிக்கைகளுக்கு. அதில் இணைத்த ஒவ்வொரு அட்டவணையும் பழைய டிஎஸ்என்னின் பெயரைத் தனித்தனியே நினைவில் வைத்திருந்தது. கோப்பைத் திறக்கும்போது ஒவ்வோர் அட்டவணைக்கும் புதிய இணைப்பு வரியைக் கொடுத்துப் புதுப்பிக்கும் சில வரிகளை எழுதினேன். அவ்வளவுதான்.

மறு ஆண்டு மார்கழி மழைக்குள் ஒரு நாள், வேறு வேலையாகக் கடைக்குப் போயிருந்தேன். மூன்றாவது மேசையில் பழைய கணினியைக் காணவில்லை. அந்த இடத்தில் களஞ்சியத்திலிருந்து எடுத்த வேறொன்று இருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அது போன கிழமை, தம்பி" என்றார் அக்கா. பழையது காலையில் இயங்கவில்லையாம். இவரே களஞ்சியத்துக்குப் போய் இதைத் தூக்கி வந்து, வயரைச் செருகி, சேர்வரின் பெயரைத் தட்டியிருக்கிறார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. கடையில் எல்லோருக்கும் தெரிந்ததைக் கொடுத்திருக்கிறார். கோப்புறை திறந்தது, நிரலை இரண்டு முறை அழுத்தினார், பில் போட்டார். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"ஆனால் தம்பி, தராசு மட்டும் பேசவில்லை" என்றார். "நிறையைப் பார்த்துக் கையால்தான் தட்டுகிறோம்."

குனிந்து பின்பக்கம் பார்த்தேன். பழைய கணினியில் தராசு, கருவிகளை இணைக்கும் வாசலான கொம் போர்ட்டில், மூன்றாவதில் இருந்தது. இதில் நான்காவதாக வந்திருக்கிறது. அந்த எண்ணையும் யாரோ ஒவ்வொரு மேசையிலும் எழுதி வைத்திருந்தார்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தராசின் அருகில் உட்கார்ந்தேன்.